விந்திய மலைக்கு வயது என்ன?

ஒரே பாறைத் தொகுதிக்கு 54 கோடி, 110 கோடி, 160 கோடி என்று மூன்று வயது சொன்னார்கள் விஞ்ஞானிகள். சரியான விடை கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு விஞ்ஞானியின் நேர்மையே கேள்விக்குள்ளானது.

சித்ரகூடத்தில் மந்தாகினி நதிக்கரையில் இருக்கிறது ஜானகி குண்ட். வனவாசத்தின்போது சீதை நீராடிய துறை என்பது நம்பிக்கை. உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் சந்திக்கும் இந்த ஊருக்கு வரும் யாத்ரீகர்கள் இங்கே முழுக்குப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறார்கள். சுற்றிலும் தெரியும் சாம்பல் நிறச் சுண்ணாம்பு வகைப் பாறையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்கும்படியான அழகும் அதற்கு இல்லை.

ஆனால் அந்தப் பாறையைச் சிறு துண்டாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் கதை வேறு. அதற்குள் நூல் போன்ற இழைகள், வளையம் வளையமாகக் குழாய்கள், உருண்டைகள். ஒருகாலத்தில் இங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிர்கள் கல்லாகிப்போன சுவடுகள், அதாவது ஃபாஸில்கள். அவை எந்தக் காலத்தவை என்ற கேள்வி இந்தியப் புவியியல் உலகை இரண்டாகப் பிளந்தது. வித்தியாசம் பத்து, இருபது ஆண்டுகள் அல்ல. நூறு கோடி ஆண்டுகள்.

அகத்தியர் தெற்கே போகும்போது தலைகுனியச் சொன்னாராம். அவர் திரும்பி வரும்வரை குனிந்தே கிடக்கிறதாம் விந்தியம். புராணம் அப்படி. புவியியல் துறையில் 'விந்தியத் தொகுதி' என்பது மலையை மட்டும் குறிப்பதல்ல. பிகாரின் ரோத்தாசிலிருந்து ராஜஸ்தான் வரை ஒரு லட்சம் சதுர கி.மீ. பரப்பில் அடுக்கடுக்காகக் கிடக்கும் மணற்கல், சுண்ணாம்புக்கல், களிப்பாறைகளுக்கு அந்தப் பெயர். சூட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம். ஆண்டு 1856.

விந்தியக் கல்லை அறியாத இந்தியர் இல்லை. சாரநாத்தின் சிங்கத் தூண் சுனார் மணற்கல்லில் செதுக்கியது. சுனார் கல் விந்தியக் கல். ரூபாய் நாணயத்தில் உள்ள அசோகச் சின்னத்தின் மூலக்கல் அதுதான். தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்ததும் விந்திய மணற்கல்தான்.

பழமையை மறைப்பதில் இந்தப் பாறைக்கு நிகர் இல்லை. இமயமலைப் பாறைகள்போல இவை மடிந்து, நொறுங்கி, உருகவில்லை. பெரும்பாலும் கிடந்தபடியே கிடக்கின்றன. ஆழமில்லாத கடலின் அலைகள் மணலில் போட்ட வரிகள் நேற்றுப் போட்டதுபோல் கல்லில் தெரிகின்றன. மழைக்குப் பிறகு சேறு காய்ந்து வெடித்த கோடுகள்கூட அழியவில்லை. முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாத பாறை இது.

அக்டோபர் அதிர்ச்சி

1998 அக்டோபரில் இரண்டு அறிவிப்புகள் ஒரே மாதத்தில் வந்தன. முதலாவது அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில். ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் சைலாகரும், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பிரதீப் போஸும் இன்னொருவரும் எழுதியது. மத்தியப் பிரதேசத்தின் சோர்ஹட் மணற்கல்லில் புழு போன்ற பிராணிகள் துளைத்துச் சென்ற தடங்கள் இருக்கின்றன என்றார்கள் அவர்கள். பாறைக்கு வயது சுமார் 110 கோடி ஆண்டுகள் என்றார்கள். உண்மையானால், உலகில் விலங்குகள் தோன்றிய காலத்தையே பல கோடி ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளவேண்டும்.

இரண்டாவது இந்தியப் புவியியல் சங்கத்தின் இதழில். எழுதியவர் டேராடூன் வாடியா இமாலயப் புவியியல் நிலையத்தைச் சேர்ந்த ஆர்.ஜே. அஸ்மி. கீழ் விந்தியச் சுண்ணாம்புக் கல்லில் சின்னஞ்சிறு ஓடுள்ள உயிர்களின் ஃபாஸில்களைக் கண்டதாக அவர் அறிவித்தார். இத்தகைய ஓடுகள் உலகெங்கும் கேம்ப்ரியன் காலத் தொடக்கத்தில்தான் கிடைக்கின்றன. ஆகவே இந்தப் பாறைக்கு வயது சுமார் 54 கோடி ஆண்டுகள்தான் என்பது அவர் வாதம்.

இரண்டும் கீழ் விந்தியத்தைப் பற்றியவை. அஸ்மி சொல்வது சரி என்றால் சைலாகரின் புழுத் தடத்தில் எந்த அதிசயமும் இல்லை. 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் புழுக்கள் இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். சைலாகர் சரி என்றால் அஸ்மியின் ஓடுகள் அங்கே இருக்கவே முடியாது.

அஸ்மி செய்தது புதுமையான காரியம் அல்ல. பாறையில் உள்ள ஃபாஸிலைப் பார்த்துப் பாறையின் காலத்தைச் சொல்வது 200 ஆண்டுப் பழக்கம். ஒரு வீட்டுச் சுவரில் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசு பதிந்திருந்தால் வீடு எந்தக் காலத்தது என்று ஊகிக்கிறோமே, அதேபோல. ஆனால் காசு அந்த மன்னருடையதுதானா, அதேபோலத் தோற்றமளிக்கும் வேறொன்றா? சிக்கல் அங்கேதான்.

எதிர்ப்பு பலமாகவே வந்தது. 1989இல் இமயமலை ஃபாஸில் மோசடி ஒன்று அம்பலமாகி உலக அரங்கில் இந்தியப் புவியியல் தலைகுனிந்திருந்த காலம் அது. புதிய கண்டுபிடிப்பு என்றாலே முதலில் சந்தேகம்தான். அஸ்மி சொன்ன இடங்களுக்குப் போய்த் தேடிய ஆய்வாளர் குழு ஒன்று அவருடைய கண்டுபிடிப்பை நிராகரித்தது. 2000இல் 'சயன்ஸ்' இதழே இதைச் செய்தியாக வெளியிட்டது. ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

ஒரு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்

54 கோடிக்கும் 160 கோடிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே கற்பனைக்கு எட்டாத எண்கள். அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஓரளவு புரியும். நாட்டின் மிக நீண்ட ரயில் பயணம். சுமார் 4,200 கி.மீ. அந்தத் தண்டவாளத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒரு ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி நிலையம்தான் இன்று.

எண்பது வயது மனிதரின் வாழ்க்கை எட்டு சென்டிமீட்டர். அசோகர் இரண்டேகால் மீட்டருக்கு அப்பால். மனிதன் எழுதத் தொடங்கி ஐந்து மீட்டர். ரயில் பெட்டி ஒன்றின் கால்வாசிகூட இல்லை. நம்முடைய மனித இனமே தோன்றியது சுமார் 300 மீட்டருக்கு முன்பு. நிலையத்தின் நடைமேடையைக்கூட இன்னும் முழுசாகத் தாண்டவில்லை. டைனோசர்கள் அழிந்த இடம் 66 கி.மீ. தூரத்தில், திருவனந்தபுரம்கூட வரவில்லை. அஸ்மியின் 54 கோடி ஆண்டு என்பது 540 கி.மீ. கோவையைத் தாண்டியதும் வந்துவிடும். 160 கோடி என்றால் 1,600 கி.மீ. தமிழ்நாட்டைக் கடந்து, ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் போக வேண்டும். இறங்க வேண்டிய இடம் கோவையா, கோதாவரியா என்பதுதான் சண்டை.

பூமி பிறந்த இடம் 4,540 கி.மீ. தொலைவில். திப்ருகரில் தண்டவாளம் முடிந்த பிறகும் முன்னூறு கி.மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஒடிஷாவின் கியோஞ்சர் மாவட்டம் சம்புவாவில் கிடைத்த ஜிர்கான் படிகம் ஒன்றுக்கு 424 கோடி வயது என்று 2018இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ரயில் புறப்படும் இடம் ஏறக்குறைய அதுதான்.

இந்தத் தூரத்தை அளந்ததே பெரிய கதை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் தலைசிறந்த பௌதிக மேதை லார்ட் கெல்வின், உருகிய உருண்டையாக இருந்த பூமி ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டார். 1862இல் 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள் வரை என்றார். 1897இல் அதை 2 முதல் 4 கோடிக்குள் சுருக்கினார். பரிணாமக் கொள்கைக்கு இந்தக் காலம் போதவே போதாது. டார்வினைக் கடைசிவரை கலங்கவைத்த எதிர்ப்பு இதுதான். தென் இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு அரிபட 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று 1859இல் எழுதிய டார்வின், பிந்தைய பதிப்பில் அதை நீக்கிவிட்டார்.

கெல்வினின் கணக்கில் பிழை இல்லை. தொடங்கிய இடத்தில்தான் பிழை. பூமி முழுக்கக் கெட்டியான உருண்டை, வெப்பம் உள்ளிருந்து மெதுவாகக் கசிந்துதான் வெளியேறும் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆழத்தில் பாறைக் குழம்பு மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவரும் என்பதை அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி 1895இலேயே எடுத்துச் சொன்னார். கேட்பார் இல்லை.

மறுஆண்டு கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பாறைக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பொய் சொல்லாத படிகம்

கடிகாரத்தின் பெயர் யுரேனியம். அது தானாகவே, யாராலும் மாற்ற முடியாத வேகத்தில், காரீயமாக மாறுகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். மிச்சமுள்ள யுரேனியத்தையும் சேர்ந்துள்ள காரீயத்தையும் அளந்தால் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதற்கு ஏற்ற பாத்திரம் ஜிர்கான் படிகம். எரிமலைக் குழம்பில் மணல் துகள் அளவில் உருவாகும் ஜிர்கான், யுரேனியத்தைத் தன்னுள் சேர்க்கும். காரீயத்தை அநேகமாகச் சேர்க்காது. எனவே இன்று அதற்குள் காரீயம் இருந்தால், அது உள்ளேயே பிறந்தது. 54 கோடி ஆண்டுப் படிகமானால் நூறு யுரேனியம்-238 அணுக்களில் 8 மாறியிருக்கும். 160 கோடி ஆண்டானால் 22. எட்டையும் இருபத்திரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. அதோடு யுரேனியம்-235 என்ற இன்னொரு வகை வேறு வேகத்தில் வேறு வகைக் காரீயமாக மாறுகிறது. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். முரண்பட்டால் படிகம் பழுதுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பூமியின் வயதைச் சொன்னதும் காரீயம்தான். பூமியின் ஆரம்பப் பாறைகள் உருகிக் குழம்பி அழிந்துவிட்டதால், அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களை நாடினார். பூமியும் அவையும் ஒரே காலத்தில் பிறந்தவை. 1956இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டுகள். இன்று ஏற்கப்பட்டுள்ளது 454 கோடி. அந்த அளவீட்டுக்காக உழைத்தபோது, தன் ஆய்வுக்கூடத்தின் காற்றிலும் தூசியிலும் எங்கும் காரீயம் கலந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்ட பேட்டர்சன், பிற்பாடு காரீயம் கலந்த பெட்ரோலை எதிர்த்துப் போராடினார். இந்தியாவில் அந்தப் பெட்ரோல் ஒழிந்தது 2000இல்.

விந்தியத்துக்கு இந்தக் கடிகாரத்தைப் பொருத்துவதில் ஒரு தடை இருந்தது. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் எரிமலையில் பிறந்தவை அல்ல. மணற்கல்லில் ஜிர்கான் இருந்தாலும், அது வேறெங்கோ இருந்த பழைய பாறையிலிருந்து அடித்து வரப்பட்டதாக இருக்கும். நல்லவேளையாக, அந்தக் கடல் இருந்த காலத்தில் அருகில் எரிமலைகளும் வெடித்திருக்கின்றன. சோன் நதிப் பள்ளத்தாக்கில் பாறை அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிக் கிடந்தது.

2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே விடை சொல்லின. ஜோதிரஞ்சன் ரே குழுவுக்குக் கிடைத்த வயது 163 கோடி ஆண்டுகள். பிர்கர் ராஸ்முசன் குழுவோ சோர்ஹட் மணற்கல்லுக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சாம்பல் அடுக்குகளை எடுத்துக்கொண்டது. கீழே உள்ளது 162.8 கோடி, மேலே உள்ளது 159.9 கோடி. கீழே கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது. வரிசையும் சரியாக இருந்தது. பிழை வரம்பு 80 லட்சம் ஆண்டுகள்தான்.

விந்தியம் கோவையில் அல்ல, கோதாவரியில்தான்.

முடிவு இரு தரப்பையும் பாதித்தது. ராஸ்முசன் குழுவில் புழுத் தடத்தை அறிவித்த போஸும் ஒருவர். 110 கோடி ஆண்டுப் புழுவையே நம்பத் தயங்கியவர்கள் 160 கோடி ஆண்டுப் புழுவை நம்பத் தயாராக இல்லை. அந்தத் தடங்கள் உண்மையில் புழுவுடையவைதானா, கடல் தரையில் படர்ந்த நுண்ணுயிர்ப் பாய் விட்டுச்சென்றவையா என்ற கேள்வி எழுந்தது.

அஸ்மி தரப்பு அசையவில்லை. ஃபாஸில்கள் காட்டும் வயதே சரி என்று தொடர்ந்து வாதாடியது. அதற்கு இடமும் இருந்தது. சாம்பல் அடுக்குகள் கிடைத்தது விந்தியத்தின் தென்விளிம்பில். சித்ரகூடம் வடவிளிம்பில். இரண்டும் ஒரே காலத்தவைதானா?

இருவரும் சரி, ஒருவர் அல்ல

ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீஃபன் பெங்ட்சன் அந்தக் கேள்வியை நேரடியாகவே அணுகினார். அவர் குழு சித்ரகூடப் பகுதியில் புதிதாக மாதிரிகளை எடுத்தது. ஃபாஸில் இருக்கும் அதே பாஸ்பேட் பாறையிலேயே காரீயக் கடிகாரத்தைப் படித்தது. 2009இல் முடிவு வெளியானது. கட்டுரையின் தலைப்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டது: ஃபாஸில்கள் நிஜமானவை, ஆனால் கேம்ப்ரியனைவிட நூறு கோடி ஆண்டுக்கு மேல் பழையவை. அளந்த வயது 165 கோடி. பிழை வரம்பு சுமார் 9 கோடி.

அதாவது, ஃபாஸில் இல்லவே இல்லை என்று அஸ்மியை மறுத்தவர்கள் தவறு. ஃபாஸில் இருப்பதால் பாறை இளையது என்ற அஸ்மியும் தவறு. கேம்ப்ரியன் காலத்து வடிவங்கள்போலத் தோன்றிய குழாய்கள் உண்மையில் பாசி இழைகளாக இருக்க வேண்டும். கரு முட்டைகள் என்று கருதப்பட்ட உருண்டைகளோ உயிரே அல்ல. நுண்ணுயிர்ப் பாயின் பசையில் சிக்கிய வாயுக் குமிழிகள்.

அவமானப்பட்ட கண்டுபிடிப்பின் மதிப்பு இதனால் பல மடங்கு உயர்ந்தது. 54 கோடி ஆண்டு ஃபாஸில் பல நாடுகளில் உண்டு. 160 கோடி ஆண்டுக்கு முந்திய உயிர்கள் உருக்குலையாமல், முப்பரிமாணத்தில், செல் செல்லாகத் தெரியும் இடங்கள் மிக அபூர்வம். 2017இல் அதே குழு சக்திவாய்ந்த எக்ஸ்ரே மூலம் இந்தப் பாறைகளின் உள்ளே பார்த்து, செம்பாசி என்று கருதத்தக்க இரண்டு உயிர்களை அறிவித்தது. சரியென்றால் அதற்குமுன் தெரிந்திருந்த மிகப் பழைய செம்பாசியைவிட இவை 40 கோடி ஆண்டுகள் மூத்தவை. நம் உடலில் உள்ளதுபோன்ற உட்கரு கொண்ட செல்கள் அவ்வளவு முன்பே கூடி வாழ்ந்தன என்பதற்கு ஆதாரம்.

இரண்டில் ஒன்றுக்கு ராமர் பெயரால் 'ராமதாலஸ்' என்று பெயர் வைத்தார்கள். மற்றதன் பெயர் 'ரஃபதாஸ்மியா சித்ரகூடென்சிஸ்'. ரஃபத் அஸ்மியைக் கௌரவிக்க.

தேனீக்கள் போட்ட வேஷம்

பாடம் அத்தோடு முடியவில்லை. போபால் அருகே பீம்பேட்கா குகை ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்தக் குகைகள் மேல் விந்திய மணற்கல்லில் அமைந்தவை. 2020இல் அங்கே போன புவியியல் விஞ்ஞானிகள் சிலர், ஆடிட்டோரியம் குகையின் பாறையில் இலைபோன்ற வரிகளுள்ள உருவம் ஒன்றைக் கண்டார்கள். 55 கோடி ஆண்டுக்கு முந்திய 'டிக்கின்சோனியா' என்ற உயிர் என்று அமெரிக்காவின் கிரெகரி ரெட்டலாக் குழு அறிவித்தது. பத்திரிகைகள் கொண்டாடின. மேல் விந்தியமாவது இளையதுதான் போலும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியது.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட்டுக்கு இது உறுத்தியது. மேல் விந்தியத்துக்கும் நூறு கோடி ஆண்டு இருக்கும் என்று 2008இல் கணித்தது அவர் சார்ந்த குழு. பன்னாவின் மஜ்காவான் வைரச் சுரங்கமும் ஒரு சாட்சி. அங்கே வைரத்தைச் சுமந்து வந்த எரிமலைக் குழாய், விந்தியத்தின் கைமூர் மணற்கல்லைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. குழாய்க்கு வயது சுமார் 107 கோடி. துளைபட்ட கல், துளைத்ததைவிட மூத்ததாகத்தானே இருக்க வேண்டும்? சாரநாத் சிங்கங்களின் கல்லும் இதே கைமூர் அடுக்குதான்.

மீர்ட் குழு குகைக்கே போய்ப் பார்த்தது. 'ஃபாஸில்' உரிந்துகொண்டிருந்தது. கல்லாகிப்போன எதுவும் அப்படி உரியாது. மலைத்தேனீ கட்டிய கூடு கழன்று விழுந்தபின் பாறையில் ஒட்டியிருந்த மெழுகு அது. 2023இல் விளக்கம் அச்சேறியது. ரெட்டலாக் தம் தவறை ஒப்புக்கொண்டார்.

இத்தனை தவறுகளைப் பார்த்து, இவர்கள் கணக்கே இப்படித்தான் என்று கைகழுவுவது எளிது. ஆனால் எல்லாக் குழப்பங்களிலும் தவறியது தோற்றத்தைப் பார்த்துச் சொன்ன வயது. வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில், வெவ்வேறு படிகங்களில் அளந்த வயது ஒரே இடத்தில் வந்து நின்றது. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்கிறது புராணக் கணக்கு. பூமியின் வயதுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எண் அருகில் வருவது ஆச்சரியம்தான். ஆனால் விண்கல்லிலும் ஜிர்கானிலும் கிடைத்த எண்ணை, சந்தேகப்படுகிற எவரும் மறுபடி அளந்து சரிபார்க்கலாம். அஸ்மிக்கு நீதி கிடைத்ததும் அப்படி ஒருவர் மறுபடி போய்ப் பார்த்ததால்தான்.

மறுபடி போய்ப் பார்க்கக் கல் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை. விந்தியச் சுண்ணாம்புக்கல் சத்னா, ரேவா, மைஹர் பகுதி சிமென்ட் ஆலைகளின் உயிர்நாடி. உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா, மிர்சாபூர் மாவட்டங்கள் கல் குவாரிக்குப் பேர்போனவை. அதே சோன்பத்ராவில், நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய வட்டவட்டமான 'ஸ்ட்ரோமடோலைட்' கற்களைக் கொண்ட சல்கன் ஃபாஸில் பூங்கா இருக்கிறது. அதுபோலப் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சில. வெறும் சரளைக்கல்லாக விலை போகக்கூடிய இடங்களோ ஏராளம். கோயிலுக்கும் கோட்டைக்கும் பாதுகாப்புச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. புவியியல் பாரம்பரிய இடங்களைக் காக்க ஒரு மசோதாவின் வரைவை மத்தியச் சுரங்க அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வைத்தது 2022 டிசம்பரில்தான்.

ஒரு மூட்டை சிமென்ட்டுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. சித்ரகூடத்தில் ஒருவர் பார்த்தார். வயதைத் தவறாகச் சொன்னார். ஆனாலும் அந்தப் பாறையில் உயிர் இருந்தது என்று அவர் சொன்னது சரி. அந்தச் செம்பாசி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.